வீடு வீடாக வந்த பஸ்

என் மச்சினனின் பெயரைச் சொல்லி எங்கள் ஊரில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'ரைட்' வீடு எது என்று கேளுங்கள், தெருநாய்கூட எழுந்து வழிகாட்டும். பஸ்ஸில் கண்டக்டர். வேலைக்குச் சேர்ந்த அன்று அந்தச் சொல் அவன் வாயில் ஏறி உட்கார்ந்தது, இன்றுவரை இறங்கவில்லை. சாப்பிட்டுக் கைகழுவினால் 'ரைட்'. புதுச்சட்டை அளவாக இருந்தால் 'ரைட்'. என் மாமனார், அதாவது அவனைப் பெற்றவர், காலமான அன்று கூட்டத்துக்குப் பின்னால் நின்று விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தவன், எடுக்கிற நேரத்தில் பழக்கதோஷத்தில் 'ரைட், போலாம்' என்றான். தூக்கியிருந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். பஸ் கம்பெனியின் டெப்போவுக்கு ஆணி, பூட்டு, குழாய் எல்லாம் என் இரும்புக்கடையிலிருந்துதான் போனது. அங்கிருந்த பெரியவரிடம், "என் மச்சினனுக்குக் குரல் நல்லா இருக்கும் சார்" என்று ஒரு வார்த்தை போட்டேன். அவன் பரீட்சை எழுதி, நேரில் போய் நின்று, முதல் ஆளாகத் தேறினான் என்பதும் உண்மைதான். அதெல்லாம் ஒப்புக்கு நடந்தது.

என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் மற்றவர்கள் சரியாகச் சொல்வதில்லையே. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு வந்தவன் நான். அடுத்தவன் மூட்டையைச் சுமந்து, பிறகு என் மூட்டையை நானே சுமந்து, இன்று இந்தப் பக்கத்துக்கே ஒரே இரும்புக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு முன்னால் வழவழவென்று சிமெண்டுப் படிகள், இரண்டு பக்கமும் உருண்டைத் தூண்கள். ஊரில் படி ஏறிப் போகிற கடை அது ஒன்றுதான். படி கொஞ்சம் தெருவுக்குள் வந்திருக்கிறது என்று சிலர் முணுமுணுப்பார்கள். தெருதான் படிக்குள் வந்திருக்கிறது என்று நான் சொல்வேன்.

ஊர் சின்ன ஊர். நூற்றைம்பது பேர் இருந்தால் அதிகம். யாருக்காவது குழந்தை பிறந்தால் ஒன்று ஏறும், யாராவது வேலை தேடி வெளியூர் போனால் ஒன்று இறங்கும். தார் ரோடு எங்கள் ஊரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் வாய்க்காலும் வயலும்தான். காலையில் ஒரு பஸ், மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மூன்றும் ஒரே பஸ். அதை விட்டால் பெரிய ரோட்டு ஜங்ஷன்வரை நடக்க வேண்டும். வெயிலில் நடந்து போனால், போன காரியம் மறந்துவிடும்.

என் மச்சினன் எங்கள் ஊர் ஜனங்களை ஜனங்களாகப் பார்த்ததே இல்லை. எல்லாரும் அவனுக்குப் பயணிகள். ஒருவர் முகத்தைப் பார்த்தால் அவர் எந்த சீட்டில் உட்காருவார், எந்த வளைவில் வாந்தி எடுப்பார் என்பதுதான் அவனுக்கு ஞாபகம் வரும். பஸ்ஸில் கூட்டம் குறைந்தால் அவன் முகம் சுண்டிவிடும். அப்போது வேலை முடிந்த கையோடு வீடு வீடாகப் போய், ஜனங்களுக்கு டவுனில் இல்லாத வேலையை எல்லாம் உண்டாக்கிவிடுவான்.

"அண்ணே, உங்க செருப்பு வாயைத் திறந்துடுச்சே. நாளைக்குக் காலை பஸ்ஸுல வாங்க."

"பரவாயில்லப்பா, தைச்சுக்கறேன்."

"தைக்கிற நூல் வாங்கவாவது வாங்கண்ணே."

என் மனைவி அவனுக்கு அக்கா. அவளை ஒரே சட்டைப் பொத்தானுக்காக மூன்று முறை டவுனுக்கு வரவழைத்தவன். என்னையும் விட்டுவைத்ததில்லை. ஒருமுறை கடைக்காக ஒரு கதவை பஸ்ஸில் ஏற்றினேன். கதவுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டான். சொந்த அக்கா புருஷனுக்கு! "மாமா, உறவு வீட்ல. இங்க கதவு கதவுதான்" என்றான். அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

இப்படிப்பட்டவன் ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தான். வாயில் ரைட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

"மாமா, ஜங்ஷன்லயே திரும்பிடுமாம்."

"எது?"

"பஸ்ஸு. நூத்தம்பது பேர் இல்லாத ஊருக்கு இனிமே பஸ் கிடையாதாம். ஊர்ல ஆள் இல்லாட்டி பஸ்ஸாவது நிறையணுமாம். ரெண்டுல ஒண்ணும் இல்லைன்னா நிறுத்திடுவாங்க. என்னைத் தூக்கி நெடுந்தூர லைன்ல போடறாங்க. வாரத்துக்கு ஒரு தடவைதான் வீடு." அப்போதுதான் செருப்பைக் கழற்றினான். "வீட்ல அவளுக்கு இது எட்டாம் மாசம் மாமா. வலி வந்தா ஜங்ஷன் வரைக்கும் நடன்னா சொல்றது?"

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். "ஏன்டா கவலைப்படறே? உங்க மாமா தூக்கிட்டுப் போவாரு. மூட்டை தூக்கியே முன்னுக்கு வந்தவராச்சே, தினமும் கேக்கறோமே."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "கணக்கெடுக்க எப்ப வர்றாங்க?" என்று கேட்டேன்.

"தலை எண்ணறதுக்கு ஒரு டீச்சரம்மா நாளான்னைக்கு வர்றாங்க. பஸ்ஸைப் பாக்க ஒரு அதிகாரி வருவாரு, அது அடுத்த வாரம்."

"அப்ப விட்டுடு. தலையை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் நான் செய்த ஏற்பாட்டை வேறு எவனாலும் செய்திருக்க முடியாது. மச்சினன் பொழுது விடிந்தால் பஸ்ஸில், பொழுது சாய்ந்தால் பஸ்ஸில். அவனிடம் சொல்லவும் நேரமில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். "நாளைக்கு ஒருத்தரும் வீட்டை விட்டு நகரக் கூடாது. டவுனு, வயலு, சந்தை எதுவும் கிடையாது. வாசல்ல உக்காந்து தலையைக் காட்டணும். வெளியே போறவனுக்கு என் கடையில ஒரு ஆணிகூட கிடையாது!" ஊரில் எவன் வீட்டில் ஆணி தேவைப்படாமல் இருக்கிறது? என் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள்.

அடுத்த நாள் காலை பஸ் வந்தது. முன்வாசல் வழியாக டீச்சரம்மா ஒரு பையோடு இறங்கினார். எங்கள் ஊருக்கு வர வேறு வழி ஏது? சரி. பின்வாசல் பக்கம் பார்த்தால், அங்கே ஜன்னலோர சீட்டில் ஒல்லியாக ஓர் ஆள், மூக்கின் மேல் கண்ணாடி, இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார். மச்சினன் பேயறைந்தவனைப் போல என்னிடம் ஓடி வந்தான்.

"மாமா, அதிகாரி இன்னைக்கே வந்துட்டாரு! இந்த டிரிப்புல எத்தனை பேர் ஏறறாங்கன்னு பாக்கப் போறாராம். ஜனங்க எங்க?"

"எல்லாரும் வீட்ல" என்றேன் பெருமையாக. "ஒரு தலை வெளியே வராது. நான் போட்ட போடு அப்படி."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பஸ்ஸுக்குள் அதிகாரியையும் டிரைவரையும் தவிர ஈ காக்கை இல்லை. எங்கள் டிரைவர் பேசாத மனிதர். எதையும் ஹாரனில்தான் சொல்வார். அன்று ஹாரனும் அடிக்கவில்லை. அதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

"போய்க் கூட்டிட்டு வரட்டுமா மாமா?"

"கூட்டிட்டு வந்தா வீட்ல தலை இருக்காதேடா. அந்தம்மா வாசல்ல நின்னு கேட்டாத்தான் எழுதிக்குவாங்க."

"விட்டா பஸ்ஸுல இருக்காது."

"இரு. யோசிக்க விடு."

படித்தவனாக இருந்தால் காகிதம் பேனா தேடியிருப்பான். நான் தலையைச் சொறிந்தேன், வந்துவிட்டது. "கை காட்டினா எங்க வேணா நிக்கணும்னு உங்க கம்பெனில ஒரு ரூல் இருக்கா இல்லையா?"

"இருக்கு. கிராமத்து லைனுக்கு உண்டு."

"அப்ப பஸ்ஸைத் தெருவுக்குள்ள விடு. அந்தம்மா முன்னால போகட்டும். பஸ்ஸு பின்னால போகட்டும். வீட்டைக் கணக்கெடுத்த உடனே கதவைப் பூட்டிட்டு, கையைக் காட்டிட்டு, ஏறட்டும்."

மச்சினன் என்னையே பார்த்தான். பிறகு எழுந்து விசிலை ஊதினான். "ரைட்!"

அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் டீச்சரம்மா பையை அணைத்துக்கொண்டு நடக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால், கறவைக்குக் கூட்டிப்போகிற மாடு மாதிரி, முழு பஸ் அசைந்து அசைந்து வருகிறது. அவர் நின்றால் நிற்கிறது. அவர் நடந்தால் நடக்கிறது. திரும்பிப் பார்த்தால் டிரைவர் வேறு எங்கோ பார்க்கிறார்.

"இது ரூட்டே இல்லையேப்பா?" என்றார் அதிகாரி உள்ளேயிருந்து.

"கை காட்டறாங்க சார். நிக்காம போனா புகார் எழுதுவாங்க" என்றான் மச்சினன். கைகாட்டிய மனுஷி ஜன்னலில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டிருந்தாள் என்பதை அவர் கவனிக்கவில்லை.

முதல் வீட்டிலேயே தகராறு. "உங்க வயசும்மா?" என்று டீச்சரம்மா கேட்டார்.

"அவரை விட அஞ்சு கம்மி போட்டுக்குங்க."

"அவர் வயசு?"

"அது அவருக்கே தெரியாது. தெரிஞ்சா இப்படியா நடந்துக்குவாரு?"

அடுத்த வீட்டில் ஒரு வாழாவெட்டிப் பூனையைத் தவிர எல்லாரையும் எழுதிக்கொண்டார். அதற்கு அடுத்த வீட்டுக்காரர் கதவைப் பூட்டிவிட்டு, வாசலில் நிற்கும் பஸ்ஸை மேலும் கீழும் பார்த்தார்.

"இது எங்க போவுது?"

"டவுனுக்கு."

"எனக்கு அங்க வேலை ஒண்ணும் இல்லையே."

"வேலையை அங்க போய்த் தேடிக்கலாம், நீங்க ஏறுங்க" என்று மச்சினன் அவர் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினான். தள்ளிய கையாலேயே டிக்கெட்டும் கிழித்தான். சும்மா சொல்லக் கூடாது, வேலை என்று வந்துவிட்டால் அவன் கைக்குக் கண் உண்டு.

அவன் வீட்டுக்கு முன்னால் பஸ் நின்றபோது அவன் மனைவி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சரம்மா இருவர் என்று எழுதினார். மச்சினன் படியில் தொங்கிக்கொண்டே கத்தினான்: "டீச்சர், வயித்துல இருக்கறதையும் சேர்த்துக்குங்க!"

"பொறந்தப்புறம் சொல்லுங்க, சேர்த்துக்கலாம்."

"முன்பதிவு மாதிரி ஒண்ணு போட்டுக்கக் கூடாதா?"

"சும்மா இருங்க, மானம் போவுது" என்றாள் அவன் மனைவி. அவளை மட்டும் ஏற்றவில்லை. அந்தக் கூட்டத்தில் ஏற்றியிருந்தால் அங்கேயே பிரசவம் ஆகியிருக்கும்.

கடைசித் தெருவுக்கு வரும்போது பஸ் பிதுங்கியது. மடியில் பிள்ளை, பிள்ளை மடியில் பை, பையில் கோழி. மேல்கூரையில் வாலிபர்கள். படியில் நான். என் மனைவி டிரைவருக்குப் பக்கத்தில், ஏதோ பஸ் அவளுடையது போல. அதிகாரி ஜன்னல் கம்பியில் கன்னம் அழுந்த உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் யாருடைய ஆட்டுக்குட்டி என்று கடைசிவரை தெரியவில்லை.

அப்படியே வந்து என் கடை முக்கில் திரும்பும்போதுதான், டமார் என்றது.

ஒரு பக்கம் என் படி. இன்னொரு பக்கம் தையல்காரர் வீட்டுச் சுவர். நடுவில் பஸ், பாட்டிலுக்குள் போன மூடி மாதிரி. முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. இரண்டு வாசலும் சுவரோடு ஒட்டிக்கொண்டன. படியில் தொங்கியவர்கள் எல்லாரும் நசுங்குவதற்கு முன்னால் உள்ளே பாய்ந்தோம். இறங்க வழி இல்லை. டிரைவர் நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். அவருக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அது.

அந்த நேரம் பார்த்து டீச்சரம்மா கடைசி வீட்டை முடித்துவிட்டு வந்தார். பஸ்ஸை அண்ணாந்து பார்த்து, "மொத்தம் நூத்தி நாப்பத்தாறு" என்றார்.

நாலு தலை குறைகிறது! பஸ்ஸுக்குள் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. மூச்சு விட இடமும் இல்லை.

மச்சினன் அதிகாரி பக்கம் திரும்பினான். "சார், ஊர் கணக்கு போனா போவுது. பஸ்ஸு நிறைஞ்சிருக்கே, நீங்களே பாக்கறீங்களே!"

அதிகாரி ஆட்டுக்குட்டிக்கு மேலாகத் தலையை நீட்டினார். "நிறைஞ்சிருக்கு. ஆனா டிரிப்பு முடியணுமேப்பா. ஜங்ஷனைத் தாண்டாத டிரிப்பு டிரிப்பே இல்ல. கணக்குல வராது."

எல்லாக் கண்களும் என் படியைப் பார்த்தன. பிறகு என்னைப் பார்த்தன. நான் மேலே பார்த்தேன்.

"மாமா" என்றான் மச்சினன். அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. லக்கேஜ் டிக்கெட் போட்டபோது இருந்த மிடுக்கு எங்கே போயிற்று என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

கேட்டவள் என் மனைவி. முன்னாலிருந்து அவள் குரல் வந்தது: "என்னங்க, அந்தப் படியை நீங்க கட்டிக்கிட்டீங்களா, என்னைக் கட்டிக்கிட்டீங்களா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் ஜன்னல் வழியாக இறங்கினேன். இந்த வயதில், இந்தத் தொப்பையோடு, இரண்டு பேர் உள்ளேயிருந்து தள்ள, ஒருவர் வெளியிலிருந்து இழுக்க. கடைக்குள் போய், இருப்பதிலேயே நல்ல கடப்பாரையை எடுத்து வந்தேன். கடை என்னுடையது, படி என்னுடையது, கடப்பாரையும் என்னுடையது. எவனிடமும் கைநீட்டாமல் தன் பெருமையைத் தானே இடித்துக்கொண்டவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான்.

ஆனால் லேசில் இடிந்துவிடவில்லை. நான் கலந்த சிமெண்டு அப்படி. மச்சினனும் ஜன்னல் வழியாகக் குதித்து வந்து, ஒரு சம்மட்டியை எடுத்துக்கொண்டான். நாங்கள் இரண்டு பேரும் அடிக்க, ஊரே ஜன்னலிலிருந்து யோசனை சொன்னது.

"கொஞ்சம் இடதுபக்கம் அடிங்க!"

"தூணை விட்டுட்டுப் படியை அடிய்யா!"

"எவ்வளவு கெட்டி பாரு. நம்ம வீட்டுக்கு மட்டும் மண்ணு கலந்த சிமெண்டு வித்திருக்காரு!"

கடைசியாகச் சொன்னவன் யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

படி போனது. ஒரு தூணும் போனது. பஸ் ஒரு முனகல் முனகிவிட்டு வெளியே வந்தது. வந்த வேகத்தில் தெருவைச் சுற்றி, வாய்க்கால் பக்கமாக வளைந்து, நேராகத் தார் ரோட்டில் ஏறியது. நாங்கள் ஓடிப் போய்த் தொற்றிக்கொண்டோம்.

"ஏம்ப்பா, இவ்வளவு நாளா ஊர்லேருந்து எப்படித் திரும்புவீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"ரிவர்ஸ்லதான் சார். ஸ்டாப்புல திரும்ப இடம் கிடையாது. திரும்ப இடம் இருக்கற புளியமரம் வரைக்கும் நான் விசில் ஊதிக்கிட்டே பின்னால நடப்பேன், பஸ்ஸு பின்னாலயே வரும்."

"அப்ப இந்தச் சுத்துல வந்திருக்கலாமே?"

"படி இருந்துச்சே சார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் டிக்கெட் எடுப்பதில் மும்முரமாக இருந்தேன்.

ஜங்ஷனைத் தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ஜன்னல் வழியாகவே இறங்கினார். சட்டையை உதறிக்கொண்டு, நாலைந்து முறை ஆழமாக மூச்சு விட்டார். மச்சினன் அவர் முன்னால் கைகட்டி நின்றான்.

"சார், அப்ப எங்க ஊர் பஸ்ஸு?"

"ஊர்ல ஆள் குறைச்சல்தான்" என்றார் அதிகாரி. "ஆனா இருக்கறவன் எல்லாம் பஸ்ஸுக்குள்ளதான் இருக்கான். இப்படி ஒரு ஊரை நான் பாத்ததில்ல. வரும்பா, பஸ்ஸு வரும். ஆனா இனிமே ரிவர்ஸ் கூடாது. இந்தச் சுத்துலயேதான் வரணும். டீசலாவது மிச்சம்."

மச்சினன் அழுதான். கூரையிலிருந்த வாலிபர்கள் தகரத்தைத் தட்டினார்கள். டிரைவர் மூன்று குட்டி ஹாரன் அடித்தார்.

அப்புறம் டவுனுக்குப் போய்ச் சேர்ந்தோம். யாருக்கும் அங்கே ஒரு வேலையும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அதே பஸ்ஸில் திரும்ப ஏறிக்கொண்டோம். போகும்போதும் டிக்கெட், வரும்போதும் டிக்கெட்.

இப்போது பஸ் எங்கள் வீட்டு வாசலுக்கே வருகிறது. அதனால் ஒருவரும் நேரத்துக்குத் தயாராவதில்லை. முன்பெல்லாம் ஸ்டாப்பில் வந்து காத்துக் கிடந்தவர்கள், இப்போது பஸ்ஸைக் காக்க வைக்கிறார்கள். "இருடா, தலை வாரிட்டு வரேன்", "இருப்பா, அடுப்பை அணைச்சிட்டு வரேன்." என் மச்சினனும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். பஸ் நிறைந்தால் அவனுக்குப் போதும்.

ஒரு நாள் மட்டும் நிற்கவில்லை. காலை டிரிப்பில் அவன் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. அவளை முன் சீட்டில் படுக்க வைத்து, என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, பஸ் தெருவில் பறந்தது. வாழ்நாள் முழுக்க 'ஏறுங்க, ஏறுங்க' என்று கெஞ்சியவன், படியில் நின்று, "ஏறாதே! யாரும் ஏறாதே! வழியை விடு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். தலை வாரியவர்கள் வாரிய சீப்போடு நின்றார்கள். ஜங்ஷனையும் தாண்டி, டவுன் ஆஸ்பத்திரி வாசலுக்கே பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினார் டிரைவர். காலியான பஸ்ஸில், அரை மணிக்குள் குழந்தை பிறந்துவிடும் நிலையில் ஒருத்தியும், அவளைவிட மோசமான நிலையில் ஒரு கண்டக்டரும்.

குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். சாயங்கால டிரிப்பில் அவன் தெருவுக்குள் வந்தபோது, முதல் வீட்டு அம்மாள், வயதைச் சொல்லாதவள், வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன குழந்தைடா?"

"பொண்ணு பெரியம்மா!"

"நல்லா இருக்கட்டும். காலையில நான் புதுப்புடவை கட்டிட்டு நின்னேனே, அது உன் கண்ணுக்குத் தெரியலையா?"